நாகவல்லி வாங்கின பிரெஞ்சு சர்டிபிகேட்

எங்க ஊட்டுக்கு வர்றவங்க எல்லாம் செவுத்தைப் பாத்து ஒரே கேள்வியைத்தான் கேக்கறாங்க. அம்மன் படம் ஒண்ணு, என் மாமியார் படம் ஒண்ணு, நடுவுல கண்ணாடி போட்டு மாட்டின ஒரு காயிதம். "இன்னா கெங்கம்மா இது, இங்கிலீஷா?" இங்கிலீஷ் இல்லே, பிரெஞ்சு. என் நாத்தனார் நாகவல்லி பரீட்சை எழுதி வாங்கினது. அயனம்பாக்கத்துல, ஏரிக்கரை ஓரத்துல குடியிருக்கிற எட்டாங்கிளாஸ் பொம்பளை பிரெஞ்சு பரீட்சை பாஸ் பண்ணாளான்னு வாயைப் பொளப்பாங்க. பண்ணா. ஏன், உங்க ஊட்டுப் புள்ளைங்கதான் பாஸ் பண்ணணும்னு எழுதி வெச்சிருக்கா?

அந்தக் காயிதத்தைக் கழட்டிடு கழட்டிடுன்னு அவளே எத்தினியோ தடவை சொல்லிட்டா. நான் கழட்டலே. எனக்குக் கோவம். யார் மேலன்னு கேட்டா சொல்லத் தெரியலே. அதனாலதான் முழுக் கதையையும் சொல்லிடறேன், நீங்களே பாத்துக்குங்க.

நாகவல்லி என் ஊட்டுக்காரர் வேம்புலிக்குக் கூடப்பொறந்த அக்கா. நான் வாக்கப்பட்டு வர்றதுக்கு முன்னாடி நடந்ததை அவங்க ரெண்டு பேரும் சொல்லித்தான் கேட்டிருக்கேன். அவளை நூம்பல்ல துலுக்கானம்னு ஒருத்தருக்குக் கட்டிக் குடுத்தாங்க. செங்கல் லாரியில லோடு ஏத்தறவரு. அறுபத்தாறுல ஒரு பொண்ணு பொறந்துச்சு. பூங்காவனம்னு பேரு. கொழந்தை தவழ்றதுக்குள்ள, பூந்தமல்லி ரோட்டுல லாரி கவுந்து அந்த ஆளு போய்ட்டாரு. அந்தத் துக்கம் ஆறலே, இவ இருமுறப்போ ரத்தம் வர ஆரம்பிச்சுது. டீபின்னாங்க. அந்தக் காலத்துல டீபின்னா பக்கத்து ஊட்டுக்காரங்க கூட மூக்கைப் பொத்திகினு தாண்டிப் போவாங்க. தாம்பரம் சானடோரியத்துல சேக்கணும், கொழந்தையைக் கூட வெச்சுக்கக் கூடாது. பெத்தவங்க ரெண்டு பேரும் போய்ச் சேந்துட்டாங்க. என் ஊட்டுக்காரர் அப்போ மீசை மொளைக்காத பையன், லேத்து பட்டறையிலயே வேலை, அங்கியே தூக்கம். கொழந்தையை யார் கையில குடுக்கறது?

பூந்தமல்லி பக்கத்துல கன்னியாஸ்திரிங்க நடத்துற ஒரு இல்லம் கீது. அனாதைப் புள்ளைங்களை வளப்பாங்க. அங்கே கொண்டுபோய்க் குடுத்தா. "நான் பொழைக்க மாட்டேன் சிஸ்டர், நல்ல எடமா பாத்துக் குடுத்துடுங்க"ன்னு இவளேதான் சொன்னா. இவளேதான் கையெழுத்தும் போட்டா. யாரும் ஏமாத்தலே, யாரும் புடுங்கிக்கலே. குத்தம் சொல்றதுக்கு ஒரு பாவி இருந்தாக்கூட மனசு ஆறும். அதுக்கும் வழியில்லே.

ஆனா அவ சாகலே. மருந்து பிடிச்சுது, தேறி வந்தா. பஸ்ஸை விட்டு எறங்கினவ தம்பியைக் கூடப் பாக்காம நேரா இல்லத்துக்குப் போயிருக்கா. பூங்காவனம் படுத்த தொட்டில்ல வேற ஒரு கொழந்தை தூங்கிகினு இருந்துச்சாம். பிரான்சுல இருந்து வந்த புருசன் பொண்டாட்டி பூங்காவனத்தைத் தத்தெடுத்துக் கூட்டிகினு போய் மாசக்கணக்கு ஆயிடுச்சு. இல்லத்தைப் பாத்துக்கிற ஞானம்மா சிஸ்டர் பாண்டிச்சேரிக்காரங்க, நம்ம தமிழ் பொம்பளை. நாகவல்லி உயிரோட வந்து நிக்கறதைப் பாத்து அந்தம்மாவும் கூட அழுதாங்களாம். அழுது இன்னா பண்றது? கப்பல் ஏறிப் போன கொழந்தை திரும்பியா வரும்?

நான் எழுபதுல கல்யாணம் ஆகி வந்தப்போ நாகவல்லி அம்பத்தூர் எஸ்டேட்டுல ஒரு ரேடியோ பார்ட்ஸ் கம்பெனியில காயில் சுத்தறா. வேலைக்குப் போவா, வருவா, குனிஞ்ச தலை நிமிர மாட்டா. இன்னொரு கல்யாணம் பண்ணிக்கயேன்னு நாலு பேர் சொன்னாங்க, காதுல வாங்கலே. மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை மட்டும் நல்ல சேலை கட்டிகினு நூம்பல் வழியா நடந்து வேலப்பன்சாவடியில பஸ் ஏறி இல்லத்துக்குப் போய், "சேதி ஏதும் வந்துச்சா சிஸ்டர்"னு கேட்டுட்டு வருவா.

ஒரு தடவை போட்டோ வந்துச்சு. பனியில நின்னுகினு, கம்பளி சட்டை போட்டுகினு, கன்னம் ரெண்டும் உப்பிப் போய், ஆப்பிள் மாதிரி சிரிக்குது பொண்ணு. நாகவல்லி அதை மடியில வெச்சிகினு தடவித் தடவிப் பாத்துட்டு, "இளைச்சிட்டாளே கெங்கா"ன்றா.

"அய்ய, எங்கே இளைச்சா? கன்னத்தைப் பாரு, கிள்ளினா ரத்தம் வரும் போல கீது"ன்னேன்.

"ச்சூ, வாயை மூடு. கண்ணு போடாதே"ன்னு என் மேல பாஞ்சா.

நானும் சிரிச்சிட்டு உட்டேன். நம்ம பழக்கம் அதானே? நான் தாய் ஊட்டுக்குப் போய் நின்னா, எங்கம்மா வாசல்லயே "இன்னாடி இப்படித் துரும்பா இளைச்சிப் போய்ட்டே, உங்க மாமியார் ஊட்டுல சோறு போடறாங்களா இல்லியா"ன்னு ஆரம்பிப்பா. அப்போ நான் பூசணிக்காய் மாதிரி இருப்பேன். அங்கேர்ந்து திரும்பி வந்தா நாகவல்லி, "இன்னா கெங்கா, ஒரே வாரத்துல பாதியாயிட்டே, உங்கம்மா பட்டினி போட்டாங்களா"ம்பா. பாசமா கீறவங்க அப்படித்தான் கேப்பாங்க. புள்ளையைப் பாத்து யாராவது "நல்லா கொழுகொழுன்னு கீறே"ன்னு சொன்னா அன்னிக்கே உப்பு மொளகா சுத்திப் போடுவோம்.

எழுபத்திமூணுல ஒரு ஞாயித்துக்கிழமை அவ இல்லத்துல இருந்து ஓடி வந்தா. நடந்து இல்லே, ஓடி. பூங்காவனத்துக்குப் பத்து வயசு ஆவுறப்போ பொறந்த ஊரைக் காட்ட இந்தியாவுக்குக் கூட்டிகினு வரப்போறாங்களாம். பெத்தவ உயிரோட கீறான்னு அவங்களுக்குத் தெரியும், கொழந்தைக்கும் சொல்லி வெச்சிருக்காங்க. ஆனா பாக்க உடறதுக்கு ஒரு கண்டிசன். கொழந்தைக்கு ஒரு வார்த்தை தமிழ் தெரியாது. பேச்சு புரியாத ஒருத்தி கட்டிப் பிடிச்சி ஓன்னு அழுதா பயந்துடும். நடுவுல ஒரு ஆளை நிக்க வெச்சி மொழிபெயர்க்கிறதும் அவங்களுக்கு இஷ்டமில்லே. பெத்தவ கொஞ்சமாவது பிரெஞ்சு பேசினா, கொழந்தைகிட்ட நேரா பேசினா, பாக்கலாம்.

"நான் கத்துக்கறேன் சிஸ்டர்"னு சொல்லியிருக்கா. சிஸ்டர் வெளையாட்டுக்குச் சொல்றான்னு நெனச்சாங்களாம். அப்புறம் மூஞ்சியைப் பாத்துட்டு, "சரி, நுங்கம்பாக்கத்துல சொல்லித் தர்றாங்க. பரீட்சை வெச்சி சர்டிபிகேட் குடுக்கறாங்க. அதை வாங்கிகினு வா, நான் அவங்களுக்கு அனுப்பறேன். இவளுக்கு வரும்னு நானே எழுதினா, உன் மேல எரக்கப்பட்டு எழுதறேன்னு நெனப்பாங்க"ன்னு சொல்லியிருக்காங்க.

கம்மலை வித்து பீஸ் கட்டினா. சனிக்கிழமை மத்தியானம் ஷிப்ட் முடிஞ்சதும் அம்பத்தூர் டேசன்ல ரயிலைப் பிடிப்பா, அப்புறம் பஸ்ஸு. கிளாஸ்ல காலேஜ் பொண்ணுங்க, ஆபீஸருங்க, ஒரு டாக்டரு. அவங்க மத்தியில எங்க நாகவல்லி, எண்ணெய் தேச்சு வாரின தலையும் எஸ்டேட் டிபன் பாக்ஸுமா குந்திகினு இருப்பா. மொதல் நாள் ஒரு பொண்ணு இவளை ஆயான்னு நெனச்சி தண்ணி கேட்டுச்சாம். இவளும் கொண்டாந்து குடுத்துட்டு, அதுக்குப் பக்கத்துலயே ஒக்காந்தாளாம். அதைச் சொல்லிட்டு அவ சிரிச்சா. எனக்கு வயிறு எரிஞ்சுது.

ஊட்டுல பிரெஞ்சு மழைதான். அரிசி கழுவறப்போ "ஜ சுய், து எ, இல் எ". கொளத்துல துணி தொவைக்கறப்போ ஒண்ணு ரெண்டு மூணு. என் ஊட்டுக்காரர் வேலையில இருந்து வந்ததும் வாசல்ல நின்னு, "மதாம், உள்ளே வரலாங்களா"ன்னு கலாய்ப்பாரு. அவளும் "அந்த்ரே, மொசியே"ன்னு சொல்லி தம்பி தலையில ஒரு குட்டு வெப்பா. அத்தனை வருசத்துல அவ வாய்விட்டுச் சிரிச்சது அந்தக் காலத்துலதான். அதை நெனச்சா இப்போ இன்னும் வலிக்குது.

பேசிப் பழகறதுக்கு ஆள் வேணுமே? நான்தான் பூங்காவனம். அடுப்பு பக்கத்துல என்னைக் குந்த வெச்சி, பள்ளிக்கூடம் எப்படி கீது, தோழிங்க யாரு, இன்னா சாப்ட்டேன்னு வரிசையா கேப்பா. எனக்கு ஒண்ணும் புரியாது. எல்லாத்துக்கும் "உய், உய்"னு தலையாட்டுவேன். "நீ பாஸாக மாட்டே போ"ம்பா.

மொதல் தடவை அவளே பாஸாகலே. ஒரு அம்மா வாசிக்க வாசிக்க எழுதணுமாம், அதுல போயிடுச்சு. அன்னிக்கு வந்து செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்தவ சோறு தண்ணி தொடலே. "ரேடியோவுல காயில் தப்பா சுத்தினா அவுத்துட்டு மறுபடி சுத்த மாட்டியா? எழுந்திரு"ன்னு நான் கத்தினேன். மறுநாள் எழுந்தா. கம்பெனியில மத்தவங்க சாப்புடற நேரத்துல இவ மூலையில குந்திகினு எழுதிப் பாத்தா. அடுத்த வருசம் மறுபடி போனா.

அந்தத் தடவை வாய்ப் பரீட்சையில நடந்ததை அவ எனக்கு அப்படியே நடிச்சுக் காட்டினா. நரைச்ச தலை வெள்ளைக்காரரு ஒருத்தரு. பேரு, ஊரு, வேலை எல்லாம் கேட்டிருக்காரு. காயில் எப்படிச் சுத்தறதுன்னு கையை ஆட்டி ஆட்டிச் சொல்லியிருக்கா. கொழந்தைங்க கீதான்னு கேட்டாராம்.

"கீது. ஒரு பொண்ணு."

"எங்கே படிக்குது?"

"பிரான்சுல."

அவரு தலையைத் தூக்கிப் பாத்தாராம். "அப்படியா, அப்போ அவதான் உங்களுக்கு பிரெஞ்சு சொல்லிக் குடுத்தாளா?"

"இல்லீங்க ஐயா. அவளுக்காக நான் கத்துகினேன்."

அவரு பேனாவைக் கீழே வெச்சிட்டு, "அடுத்த தடவை பொண்ணைப் பாக்கறப்போ மொதல்ல இன்னா சொல்லுவீங்க? சொல்லுங்க பாக்கலாம்"னு கேட்டாராம். இவ ஒரு நிமிசம் கூட யோசிக்கலே. நம்ம எல்லாரும் சொல்றதையே சொல்லியிருக்கா. "கொம் து எ மேக்ர்! ஒன் ந த தொன் பா ஆ மான்ழே?" எப்படி இளைச்சிப் போய்ட்டே, உனக்குச் சாப்பாடு போடறது இல்லியா. எனக்கே அது மனப்பாடம், அத்தனை தடவை என்னைப் பாத்து சொல்லியிருக்கா. அந்த ஐயா சிரிச்சிட்டு, "த்ரே பியென்"னாராம். ரொம்ப நல்லா சொன்னீங்கன்னு அர்த்தம். ஒரு பிசிறு இல்லேன்னு மார்க் போட்டாரு.

சர்டிபிகேட் வந்த அன்னிக்கு டீக்கடை கோவிந்தராஜ் அண்ணன்ல இருந்து தெருவே வந்து பாத்துச்சு. ஒருத்தருக்கும் படிக்கத் தெரியாது, ஆனா அதுல குத்தியிருந்த முத்திரையைத் தொட்டுத் தொட்டுப் பாத்தாங்க. சிஸ்டர் அதை காப்பி எடுத்து பிரான்சுக்கு அனுப்பினாங்க. "இவங்க நல்லா பேசுவாங்க, பயப்பட வேணாம்"னு கூடவே எழுதினாங்களாம். வர்றோம்னு பதில் வந்துச்சு. சனிக்கிழமை இல்லத்துல சந்திக்கலாம், எல்லாம் நல்லா போனா மறுநாள் அயனம்பாக்கத்துக்கே வந்து ஊடு, ஏரி எல்லாம் பாக்கறோம்னு.

எழுபத்தாறு டிசம்பரு. ஊட்டுக்குச் சுண்ணாம்பு அடிச்சோம். கோவிந்தராஜ் அண்ணன் கடையில நாலு நாற்காலி கேட்டு வாங்கி வெச்சோம். பச்சையில அரக்குக் கரை போட்ட பட்டுப் பாவாடை ஒண்ணு, கடைசியா வந்த போட்டோவைப் பாத்துக் குத்துமதிப்பா அளவெடுத்து நாகவல்லி தெச்சிருந்தா. அதைப் பையில போட்டு என்கிட்ட குடுத்துட்டு, நான் சொல்றப்போ எடுத்துக் குடுன்னா. பஸ்ஸுல வேலப்பன்சாவடியில இருந்து பூந்தமல்லி வரைக்கும் என் கையைப் பிடிச்சிகினே வந்தா.

இல்லத்துல பெஞ்சு போட்ட ரூம்பு. நான் கதவு ஓரமா குந்திகினேன். அவங்க வந்தாங்க. அந்தத் துரை ஒசரமா, பேசாத ஆளு. மதாம் நமக்கு மரியாதை குடுக்கணும்னு சேலை கட்டிகினு வந்திருந்தாங்க. கொசுவம் எல்லாம் அவுந்து தொங்குது, பாவம், வேர்க்குரு வேற. அவங்க கையைப் பிடிச்சிகினு பூங்காவனம். அங்கே அதுக்கு கிளேர்னு பேரு. அந்த நெத்தியும், லேசா தூக்கின மேல் உதடும் அச்சு அசல் நாகவல்லி. நல்லா வளந்து, நல்லா கொழுகொழுன்னு, மினுமினுன்னு. எனக்கே சுத்திப் போடணும் போல இருந்துச்சு.

நாகவல்லி அழலே. அழுதா கொழந்தை பயந்துடும்னு சொல்லியிருக்காங்கல்ல? சிரிச்ச மூஞ்சியோட கிட்ட போய், குனிஞ்சு, ரெண்டு கையாலயும் கன்னத்தை வழிச்சி, அந்த வார்த்தையைச் சொன்னா. தெளிவா, பாட்டு மாதிரி. எனக்குத் தெரிஞ்ச ஒரே பிரெஞ்சு அதானே, நானும் வாய்க்குள்ள கூடவே சொன்னேன்.

கொழந்தை சிரிக்கலே. அண்ணாந்து மதாமைப் பாத்துச்சு. மதாம் மூஞ்சி வெளுத்து, அப்புறம் செவந்துச்சு. கொழந்தை ஏதோ கேட்டுச்சு, உதடு பிதுங்கி கண்ணுல தண்ணி வந்துடுச்சு. மதாம் அதை இழுத்து அணைச்சிகினாங்க. ஞானம்மா சிஸ்டர் கையைக் கையை ஆட்டி வேகமா ஏதோ சொல்றாங்க. மதாம் தலையை ஆட்டி ஆட்டி பதில் சொல்றாங்க. நாகவல்லி ஏதோ சொல்ல வாயெடுத்தா. வாய் தொறந்தது தொறந்தபடியே நின்னுடுச்சு. துரை வந்து அவ தோள்ல லேசா கையை வெச்சி, தலையைக் குனிஞ்சிட்டு, ரெண்டு பேரையும் கூட்டிகினு வெளியே போயிட்டாரு. கார் கெளம்புற சத்தம் கேட்டுச்சு. பாவாடை என் மடியில கீது.

வெயில் ஒத்துக்கலே போல, கொழந்தைக்குத் தலைவலி போல, நாளைக்கு ஊட்டுக்கு வருவாங்கன்னுதான் நான் நெனச்சேன். இல்லத்தை உட்டு வெளியே வந்ததும் விறுவிறுன்னு நடந்தா நாகவல்லி. பஸ் டேசன் வந்தும் நிக்கலே, ரோட்டு ஓரமாவே நடந்துகினே இருந்தா. கரையான்சாவடி தாண்டி ஒரு புளியமரத்தடியில புடிச்சி இழுத்து நிறுத்தினேன். "இன்னாக்கா சொன்னாங்க? சொல்லித் தொலையேன்!"

"நான் கொழந்தையைப் பட்டினி போடறேன்னு சொல்ல வந்தீங்களான்னு கேக்கறாங்க கெங்கா."

"யாரு?"

"அந்த மதாம்தான். பூங்காவனத்தை எடுத்துகினு போனப்போ அது வெறும் எலும்பாம். பால் கூட எறங்கலியாம். செத்துடும்னு டாக்டருங்க சொல்லிட்டாங்களாம். வேலையை உட்டுட்டு ராத்திரி பகலா மடியில போட்டு சொட்டு சொட்டா ஊட்டிப் பொழைக்க வெச்சாங்களாம். பத்து வருசம் ஊட்டினேன், வந்த ஒடனே எம் பொண்ணு முன்னாடியே இப்படிக் கேக்கறீங்களேன்னு..."

எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம். "அட கஸ்மாலம்! நீ இன்னா தப்பா கேட்டே? நம்ம ஊர்ல எல்லாரும் கேக்கறதுதானே? சிஸ்டர் சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னாங்க. இங்கே பாசத்துல இப்படித்தான் கேப்பாங்கன்னு எவ்ளோவோ சொன்னாங்க. அதுக்கு மதாம் இன்னா சொன்னாங்க தெரியுமா?" நாகவல்லி மூச்சை இழுத்துகினா. "பாஷை தெரியாதவங்கன்னா மன்னிச்சிடுவேன், தெரியாம சொல்லிட்டாங்கன்னு உட்டுடுவேன். இவங்களுக்கு நல்லா தெரியும், சர்டிபிகேட் கீது, ஒரு தப்பு இல்லாம சொன்னாங்க. தெரிஞ்சேதான் சொல்றாங்கன்னு சொல்லிட்டாங்க."

லாரி ஒண்ணு புழுதியை வாரிப் போட்டுட்டுப் போச்சு.

"நீ பதில் சொல்ல வேண்டியதுதானே அக்கா? உனக்குத்தான் பேச வருமே?"

"வரலே. அத்தினி படிச்சேன், ஒண்ணும் வரலே. அவங்க பேசறது மட்டும் ஒவ்வொண்ணா புரியுது. வாய்தான் வரலே." அப்புறம், "கொழந்தை இன்னா கேட்டுச்சுன்னு கேக்க மாட்டியா?"ன்னா.

கேக்கணும்னு எனக்குத் தோணலே. அவளே சொன்னா.

"அம்மா, இந்த ஆன்ட்டிக்கு ஏன் நம்மளைப் பிடிக்கலே, போயிடலாம்மா, அப்படின்னுச்சு." அங்கேயே மண்ணுல குந்திகினா. "ஏன்டி கெங்கா நான் படிச்சேன்? படிக்காம இருந்தா கட்டிப் புடிச்சிட்டு வந்திருப்பேனே. அது இன்னா சொன்னாலும் எனக்குப் புரிஞ்சிருக்காதே. ஏதோ நல்லதுதான் சொல்லிச்சுன்னு நெனச்சிகினே செத்துப் போயிருப்பேனே." அப்போதான் அழுதா. பத்து வருசத்து அழுகை. ரோட்டுல போறவங்க எல்லாம் நின்னு பாத்தாங்க. நான் அவளை மறைச்சிகினு நின்னு, "இன்னாய்யா வேடிக்கை, போங்கய்யா"ன்னு கத்திகினே நானும் அழுதேன்.

மறுநாள் ஞாயித்துக்கிழமை. வர மாட்டாங்கன்னு தெரியும், இருந்தாலும் அந்த நாலு நாற்காலியை நாங்க எடுக்கலே. அவ குளிச்சிட்டு, பூ வெச்சிகினு, வாசப்படியில குந்திகினு இருந்தா. பொழுது சாய சிஸ்டர்தான் வந்தாங்க. காலையிலயே டில்லிக்குக் கெளம்பிட்டாங்கன்னாங்க. நீ மன்னிப்புக் கேட்டு எழுது, உனக்குத்தான் எழுத வருமே, நான் அனுப்பறேன்னாங்க. எழுதினா. மூணு தடவை கிழிச்சுப் போட்டு எழுதினா. அதுவும் ஒரு தப்பு இல்லாமதான் எழுதியிருப்பா, சந்தேகமே இல்லே. பதில் வரலே. அப்புறம் போட்டோவும் வரலே. அந்த மதாமை நான் திட்ட ஆரம்பிச்சா நாகவல்லி என்னைத் திட்ட உடறதில்லே. "அவ பெத்த வயித்துக்கு மேலே, போ"ம்பா. ஞாயித்துக்கிழமை இல்லத்துக்குப் போறதை மட்டும் நிறுத்திட்டா.

இப்போ எஸ்டேட்டுல அவ சூப்பர்வைசரு. கையில வேலை ஓடும், வாயில ஒண்ணும் ஓடாது. அன்னியிலேர்ந்து போன மாசம் வரைக்கும் அவ பிரெஞ்சு பேசி நான் கேட்டதே இல்லே.

போன மாசம் எம் பொண்ணு வரலட்சுமி பள்ளிக்கூடம் லீவுக்கு எங்கம்மா ஊட்டுல இருந்துட்டு வந்துச்சு. அந்தப் பச்சைப் பாவாடையைத்தான் கட்டிகினு வந்துச்சு. பொட்டியிலயே கெடந்து பூச்சி அரிக்குதேன்னு நாகவல்லியே எடுத்துக் குடுத்தது. இப்போதான் அதுக்குச் சரியா கீது. நான் அடுப்படியில இருந்து எட்டிப் பாத்துட்டு, வாய்ப் பழக்கத்துல, "இன்னாடி இப்படி இளைச்சிட்டே, உங்க ஆயா சோறு போட்டாளா இல்லியா"ன்னு கேட்டேன்.

கொல்லையில துணி காயப் போட்டுகினு இருந்த நாகவல்லி, ஈரக் கையோட ஓடி வந்தா. எம் பொண்ணை இழுத்துத் தன் வயித்தோட அணைச்சிகினா. பத்து வருசமா நான் பாக்காத கோவம் அவ மூஞ்சியில.

"அப்படிக் கேக்காதே கெங்கா! கொழந்தை நல்லாத்தான் கீது. நல்லா கொழுகொழுன்னு கீது. யார் ஊட்டுல இருந்துச்சோ, அவங்க நல்லாத்தான் சோறு போட்டிருக்காங்க."

சொல்லிட்டு எம் பொண்ணு தலையில வாயை வெச்சி, மெதுவா, இப்போ சொன்னதையே பிரெஞ்சுல இன்னொரு தடவை சொன்னா.